சவரத் தூரிகை

சவரத் தூரிகை என்பது முகச்சவரம் செய்வதற்கு முன், சவர சோப்பையோ சவரக் கிரீமையோ நீருடன் கலந்து நுரையாக்கி முகத்தில் பூசப் பயன்படும் சிறு கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது ஷேவிங் பிரஷ் எனப்படுகிறது. ஒரு கைப்பிடியும் அதன் தலைப்பகுதியில் பதிக்கப்பட்ட மயிர்க்குச்சமும் இதன் உறுப்புகள். விலங்கு மயிராலும் செயற்கை இழையாலும் இவை செய்யப்படுகின்றன.

இந்தியாவில் சில பத்து ரூபாய்க்கும் சவரத் தூரிகை கிடைக்கும். பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும். இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மயிரின் அருமையாலும் கைப்பிடியின் வேலைப்பாட்டாலும் வருவது. நுரையின் தரத்தை முடிவு செய்பவை குச்சத்தின் அளவு, அடர்த்தி, இழைநுனியின் தன்மை, பயன்படுத்தும் நீர் ஆகிய நான்குமே. ஆதலால் இவற்றை அறிந்தவர் குறைந்த விலையிலும் நல்ல தூரிகையைத் தேர்ந்தெடுக்க இயலும்.

பயன்

தாடி மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உலர்ந்த நிலையில் அது கடினமாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் நீரை உறிஞ்சி மென்மையாகும். அப்போது அதை வெட்டக் குறைந்த விசையே போதும். தூரிகை இதற்கு மூன்று வகையில் உதவுகிறது.

* நீரையும் நுரையையும் மயிர்க்கால் வரை கொண்டு சேர்க்கிறது.
* படிந்து கிடக்கும் மயிரை நிமிர்த்துகிறது.
* தோலின் மேலுள்ள எண்ணெய்ப் பசையையும் இறந்த செல்களையும் தேய்த்து நீக்குகிறது.

விரலால் பூசினாலும் சவரம் செய்யலாம். ஆயினும் கட்டிச் சோப்பை விரலால் போதிய நுரையாக்குவது கடினம். குழாய்க் கிரீமும் தூரிகையுடன் பயன்படுத்தும்போது குறைந்த அளவே செலவாகிறது.

அமைப்பு

* கைப்பிடி: மரம், பிளாஸ்டிக், ரெசின், உலோகம், கொம்பு முதலியவற்றால் ஆனது. விலை குறைந்தவற்றில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் கைப்பிடியே மிகுதி.
* மயிர்க்குச்சம்: ஒன்றாகக் கட்டிய மயிர்க்கற்றை. இதன் அடிப்பகுதி பசையால் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். தற்காலத்தில் எப்பாக்சி வகைப் பசை பெரிதும் பயன்படுகிறது.
* குழி: குச்சத்தின் அடி பொருந்தும் கைப்பிடியின் பள்ளம்.
* குச்ச உயரம்: கைப்பிடியின் விளிம்பிலிருந்து மயிர்நுனி வரையுள்ள நீளம்.
* குச்ச விட்டம்: மயிர்க்கற்றை கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அதன் குறுக்களவு. பெரும்பாலான தூரிகைகளில் இது 20 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

முறையாகச் செய்யப்படும் தூரிகையில் மயிரின் இயற்கை நுனி வெட்டப்படுவதில்லை. கிண்ணம் போன்ற அச்சில் நுனி கீழாக மயிரை நிரப்பி, குச்சத்திற்கு உருண்டை வடிவம் கொடுத்து, அடிப்பகுதியை மட்டும் வெட்டுவர். மட்டமான தூரிகைகளில் குச்சத்தைக் கட்டியபின் நுனியைக் கத்தரித்து வடிவமைக்கின்றனர். கத்தரித்த நுனி மொட்டையாக இருப்பதால் முகத்தில் குத்தும். விலை குறைந்த தூரிகைகளைப் பற்றிய குறைகளுள் பல இதனால் வருபவை.

வரலாறு

மயிர்த் தூரிகையால் நுரை பூசும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவலாயிற்று. வளைக்கரடி எனப்படும் பேட்ஜர் விலங்கின் மயிர் இதற்கு உகந்ததாகக் கருதப்பட்டது. பிரெஞ்சு மொழியில் அவ்விலங்கின் பெயரான பிளெரோ என்னும் சொல்லே இன்றும் சவரத் தூரிகையைக் குறிக்கிறது.

1903ஆம் ஆண்டில் கிங் கேம்ப் ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கருவி விற்பனைக்கு வந்தது. அதன்பின் நாவிதரை நாடாமல் வீட்டிலேயே சவரம் செய்வது எளிதாகி, வீட்டுக்கு வீடு தூரிகையும் தேவையாயிற்று. 1919இல் அமெரிக்காவில் தூரிகை வேண்டாத கிரீமும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அழுத்தக்கலத்தில் அடைத்த நுரையும் வந்தபின் மேலை நாடுகளில் தூரிகையின் பயன்பாடு குறைந்தது. இந்தியாவில் இருமுனை பிளேடும் தூரிகையும் முழுமையாக வழக்கொழியவில்லை.

அடைப்பான் நோயும் சவரத் தூரிகையும்

சவரத் தூரிகையின் வரலாற்றில் மிகப் பெரிய தீங்கு முதல் உலகப் போர்க் காலத்தில் நேர்ந்தது. போருக்கு முன் உருசிய வளைக்கரடி மயிர் செருமனி வழியாகத் தூய்மை செய்யப்பட்டு மேலை நாடுகளுக்கு வந்தது. போரால் அவ்வழி அடைபட்டது. வணிகர்கள் ஆசியாவிலிருந்து வந்த குதிரை மயிரை வளைக்கரடி மயிர்போல் தோன்றச் செய்து மலிவுத் தூரிகைகளை விற்றனர். அம்மயிரில் ஒரு பகுதி கிருமி நீக்கம் செய்யப்படாதது.

அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா, பல ஆண்டுகள் அழியாதிருக்கும் சிதல்களை உருவாக்க வல்லது. மயிரில் ஒட்டியிருந்த சிதல்கள் சவரத்தின்போது ஏற்படும் நுண்ணிய கீறல்கள் வழியாக உடலுள் புகுந்தன. 1915க்கும் 1924க்கும் இடையில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் படைவீரரும் பொதுமக்களுமாக இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றனர். சிலர் இறந்தனர். 1920இல் பிரித்தானியா சப்பானில் செய்த சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது. மயிரைக் கிருமி நீக்கம் செய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இந்நோய்ப் பரவல் நின்றது.

அடைப்பான் நோய் முன்னாள் வட ஆர்க்காடு மாவட்டத்தில் கால்நடை வளர்ப்போர் நன்கு அறிந்த நோயாகும். இப்பகுதியில் மனிதர்க்கு ஏற்பட்ட அடைப்பான் நோய்பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். இன்று முறையாகப் பதப்படுத்திய மயிரால் இவ்வச்சம் இல்லை. எனினும் எங்கிருந்து வந்தது என்று அறிய முடியாத பழைய விலங்கு மயிர்த் தூரிகையை, குறிப்பாகப் பழம்பொருளாக விற்கப்படும் குதிரை மயிர்த் தூரிகையை, முகத்தில் பயன்படுத்தாதிருப்பதே நல்லது.

தமிழ்நாட்டில்

நாவிதர் தம் கருவிகளை வைத்துக்கொள்ளும் பை அல்லது பெட்டி அடைப்பம் எனப்பட்டது. சவரக்கத்தி, சாணைக்கல், கத்தியைத் தீட்டும் தோல்வார், நீர்க் கிண்ணம், படிகாரம் ஆகியவை அதில் இருக்கும். நீரைத் தொட்டு விரலால் நெடுநேரம் தேய்த்துத் தாடியை ஊறவைத்தபின் சவரம் செய்வதே பழைய முறை. சோப்பும் தூரிகையும் பின்னர் வந்து சேர்ந்தவை.

1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் நடந்த விழிப்புணர்வுப் பரப்புரைகளின் காலத்தில், முடிதிருத்தகங்களில் தீட்டிப் பயன்படுத்தும் கத்திக்கு மாற்றாக ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு பொருத்தும் கத்தி பரவியது. பிளேடு ஆளுக்கு ஒன்றாயிற்று. பல இடங்களில் தூரிகை மட்டும் பொதுவாகவே நீடித்தது.

மயிர் வகைகள்

பன்றி மயிர்

தடித்து விறைப்பானது, கட்டிச் சோப்பைக் கரைக்க ஏற்றது. நீரை உறிஞ்சும் இயல்புடையதால் பயன்படுத்தும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் நீரில் ஊறவைக்க வேண்டும். புதிதில் குத்தும். சில வாரப் பயன்பாட்டில் நுனிகள் இயல்பாகவே இரண்டு மூன்றாகப் பிளந்து மென்மையாகும். இதனைப் பழக்குதல் என்பர். பலர் பன்றி மயிர்த் தூரிகையை முதல் வாரத்திலேயே கைவிடுவதற்கு இதை அறியாமையே காரணம். இத்தாலியின் ஒமேகா, போர்த்துகலின் செமோகே ஆகிய நிறுவனங்களின் பன்றி மயிர்த் தூரிகைகள் குறைந்த விலைக்கும் நீண்ட உழைப்புக்கும் பெயர்பெற்றவை. இந்தியாவில் கான்பூர் பன்றி மயிர் வணிகத்தின் மையமாக விளங்கியது.

வளைக்கரடி மயிர்

நுனி மெல்லியது, நீரை மிகுதியாகத் தேக்கி வைக்கும். விலை உயர்ந்தது. தூய, சிறந்த, மிகச்சிறந்த, வெள்ளிநுனி எனத் தரம் பிரித்து விற்கப்படுகிறது. ஆயினும் இத்தரப் பெயர்களுக்கு எல்லோரும் ஏற்ற பொது வரையறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறது. மிகக் குறைந்த விலையில் நடுவே கரும்பட்டையுடன் கிடைக்கும் தூரிகை பெரும்பாலும் சாயமிட்ட பன்றி மயிராகவோ செயற்கை இழையாகவோ இருக்கும்.

குதிரை மயிர்

பிடரியிலிருந்தும் வாலிலிருந்தும் கத்தரித்து எடுக்கப்படுகிறது. இதற்காக விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. விறைப்பில் பன்றி மயிருக்கும் வளைக்கரடி மயிருக்கும் இடைப்பட்டது. இந்தியக் கடைகளில் அரிதாகவே காணப்படும்.

செயற்கை இழை

பழைய நைலான் தூரிகைகள் மொட்டை நுனியுடன் வழவழப்பாக இருந்ததால் நீரைத் தாங்காமல் சிந்தின. செயற்கைத் தூரிகை மட்டமானது என்ற கருத்து அக்காலத்தது. இப்போதைய நல்ல தூரிகைகளில் நுனி கூம்பிய மெல்லிய இழைகள் உள்ளன. பாலியெஸ்டர் வகை இழையின் நுனியை எரிசோடாக் கரைசலில் அமிழ்த்தினால் அது படிப்படியாகக் கரைந்து கூம்பும். இவை ஊறவைக்க வேண்டாதவை, விரைவில் உலர்பவை, பழக்க வேண்டாதவை. விலங்குப் பொருளையோ பன்றி மயிரையோ சமயம், கொள்கை காரணமாகத் தவிர்ப்போர்க்கும் இவை ஏற்றவை. இன்று குறைந்த செலவில் தூரிகை வாங்கும் ஒருவருக்குப் பொதுவாகப் பொருத்தமானது நுனி கூம்பிய செயற்கை இழைத் தூரிகையே ஆகும்.

விறைப்பின் கணக்கு

ஒரு முனை பதிக்கப்பட்ட இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் மூன்றாம் படிக்கு எதிர் விகிதத்திலும் அமையும். கட்டடத்தின் சுவரில் ஒரு முனை மட்டும் பதிந்து நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்திற்கும் இதே விதிதான். இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன.

* ஒரே பொருளால் ஆன இரு இழைகளுள் ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு தடித்திருந்தால் அது 16 மடங்கு விறைப்பாக இருக்கும். பன்றி மயிர் வளைக்கரடி மயிரினும் முரடாக இருப்பதற்குத் தடிப்பே முதன்மைக் காரணம்.
* குச்ச உயரத்தை 55 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டராகக் குறைத்தால் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். உயரமாகத் தோன்றும் தூரிகை தளர்ந்து விழுவதும் இதனாலேயே.

அதுபோல் குச்ச விட்டம் 20இலிருந்து 24 மில்லிமீட்டராகக் கூடினால் குறுக்குப் பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. அதே அடர்த்தியில் அவ்வளவு மிகுதியான மயிர் தேவைப்படும். மயிரை மிச்சப்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் விட்டத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினால், தூரிகை பெரிதாகத் தோன்றும். ஆனால் முகத்தில் அழுத்தியதும் மடிந்துவிடும்.

நுரையும் நீரும்

நுரை என்பது சோப்பு, நீர், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தது. தூரிகையின் இழைகளுக்கிடையே நீரும் காற்றும் தங்கி, சுழற்றும்போது சோப்புடன் கலந்து நுண்ணிய குமிழிகளாகின்றன. இதற்குத் தடையாக நிற்பது கடின நீர். நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்புடன் வினைபுரிந்து நீரில் கரையாத வெண்ணிறக் கசடாகின்றன. அக்கசடு நுரை தராது. தூரிகையின் இழைகளில் படியும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. குடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த மேல் எல்லையிலுள்ள நீரில் சவர சோப்பு நன்றாக நுரைக்காது. கடினப் பாறைப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இவ்வுப்புகள் மிகுதியாக இருப்பது உண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள தேவிகாபுரம், பட்டு நெசவுக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊர். பட்டுத் தொழிலிலும் இதே வேதியியல் செயற்படுகிறது. பச்சைப் பட்டுநூலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை உள்ளது. சாயமிடுவதற்கு முன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் இட்டு இப்பசையை நீக்குவர். நீர் கடினமாக இருப்பின் சோப்பு வீணாவதோடு, கரையாத கசடு நூலில் ஒட்டிப் பட்டின் பளபளப்பைக் கெடுக்கும். சாயமும் திட்டுத் திட்டாக ஏறும். நூலுக்கு நல்ல நீர் தேடுவதற்கும் முகத்திற்கு நல்ல நீர் தேடுவதற்கும் காரணம் ஒன்றே.

நுரை வராவிட்டால் தூரிகையைக் குறை கூறும் முன் நீரைச் சோதிப்பது நல்லது. ஒரே அளவுள்ள இரு புட்டிகளுள் ஒன்றில் வீட்டு நீரும் மற்றதில் மழைநீரோ வடித்த நீரோ பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலை இட்டுக் குலுக்க வேண்டும். வீட்டு நீரில் நுரை குறைந்து, நீர் கலங்கினால் அது கடின நீர். கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்த நீரில் நுரை கூடினால் அது தற்காலிகக் கடினத்தன்மை. கூடாவிட்டால் நிலைத்த கடினத்தன்மை. ஒரு சவரத்திற்கு நுரையாக்க அரைக் குவளை நீரே போதும் என்பதால், சேமித்த மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ அதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

மலிவான தூரிகையைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் செய்யக்கூடிய சோதனைகள்

1. அடர்த்தி: குச்சத்தை இரு விரலால் அடியில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வெற்றிடம் தோன்றினால் அது வெளிச்சுற்றில் மட்டும் மயிர் வைத்தது, தவிர்க்க வேண்டும்.
2. மீள்திறன்: நுனியை உள்ளங்கையில் அழுத்தி விட வேண்டும். இழைகள் உடனே நிமிர்ந்தால் நல்லது. மடிந்தே கிடந்தால் உயரம் மிகுதி அல்லது அடர்த்தி குறைவு.
3. நுனி: உலர்ந்த தூரிகையைக் கன்னத்திலோ முன்கையின் உட்புறத்திலோ வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். எல்லா இழையும் ஊசிபோல் குத்தினால் நுனி கத்தரிக்கப்பட்டது. பன்றி மயிரில் ஓரளவு குத்தல் இயல்பு.
4. உதிர்தல்: குச்சத்தை மெல்ல இழுத்தால் ஓரிரு மயிர் வருவது குற்றமன்று. கொத்தாக வந்தால் பசை பற்றவில்லை.
5. பிணைப்பு: கைப்பிடியைப் பிடித்துக் குச்சத்தைச் சற்றே திருக வேண்டும். அசைவோ விளிம்பில் இடைவெளியோ இருந்தால், நீர் புகுந்து அழுக்குத் தங்கும். சில வாரங்களில் குச்சம் கழன்றும் விடும்.
6. கைப்பிடி: ஈரக் கையில் வழுக்காத இடுப்பு வளைவு இருக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் சாயக் கூடாது. முலாம் பூசிய பிளாஸ்டிக்கைவிட முலாம் இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் நீண்டநாள் நன்றாகத் தோன்றும்.

அளவு

முதன்முறை வாங்குபவருக்குக் குச்ச விட்டம் 20 முதல் 24 மில்லிமீட்டர் வரையும், குச்ச உயரம் செயற்கை இழையாயின் 50 முதல் 55 மில்லிமீட்டர் வரையும் இருப்பது வசதியானது. பன்றி மயிர் இதனினும் சற்று உயரமாக இருக்கலாம். அட்டையில் அளவு அச்சிடப்படாத தூரிகையைப் பள்ளிக்கூட அளவுகோலாலேயே அளந்து கொள்ளலாம். கட்டிச் சோப்பு பயன்படுத்துவோர் விறைப்பானதையும், கிரீம் பயன்படுத்துவோர் மென்மையானதையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

எரிசோதனை

அட்டையில் இயற்கை மயிர் என்று எழுதியிருப்பதை நம்ப முடியாதபோது எரிசோதனை உதவும். தூரிகையிலிருந்து உதிர்ந்த ஓர் இழையை இடுக்கியால் பிடித்து, வீட்டில் சுடரருகே காட்ட வேண்டும். செயற்கை இழை உருகிச் சுருங்கி, ஆறியபின் கெட்டியான மணியாகும். விலங்கு மயிர் கருகி, மயிர் பொசுங்கும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும்.

உண்மைப் பட்டைப் போலிப் பட்டிலிருந்து பிரித்தறியச் செய்யும் சோதனையும் இதுவே. பட்டும் மயிரும் புரத இழைகள் என்பதால் இரண்டும் ஒரே வகையில் எரிகின்றன. தேவிகாபுரம் போன்ற நெசவூரில் பட்டிழையை எரித்துப் பார்த்தவர் எவரும் தூரிகை மயிரையும் சோதிக்க இயலும். ஆயினும் இச்சோதனை விலங்கு மயிரா செயற்கையா என்பதை மட்டுமே சொல்லும். எந்த விலங்கின் மயிர் என்று சொல்லாது.

விலையும் உழைப்பும்

மலிவு என்பது வாங்கும் விலையை மட்டும் பொறுத்ததன்று. ஓர் எடுத்துக்காட்டாக, வாரத்திற்கு மூன்று முறை சவரம் செய்யும் ஒருவர் 30 ரூபாய்க்கு வாங்கிய தூரிகை மூன்று மாதத்தில் உதிர்ந்து போவதாகக் கொள்வோம். 39 சவரத்திற்கு 30 ரூபாய் எனில் ஒரு சவரத்திற்கு 77 காசு ஆகிறது. 100 ரூபாய்த் தூரிகை இரண்டு ஆண்டு உழைத்தால் 312 சவரத்திற்கு 100 ரூபாய், அதாவது சவரத்திற்கு 32 காசு. விலை கூடிய தூரிகையே இங்கு மலிவானது. ஆனால் 3,000 ரூபாய்த் தூரிகை இதே 32 காசுக்கு இறங்க 60 ஆண்டு உழைக்க வேண்டும். ஆகவே மிகக் குறைந்த விலைக்குச் சற்று மேலே, மேற்கண்ட சோதனைகளில் தேறும் தூரிகையே சிக்கனமானது.

பயன்படுத்தும் முறை

1. முகத்தை வெதுவெதுப்பான நீரால் இரண்டு நிமிடம் நனைக்க வேண்டும்.
2. தூரிகையை நனைத்து (பன்றி மயிராயின் ஊறவைத்து) மிகுதி நீரை உதற வேண்டும்.
3. சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்ற வேண்டும். கிரீமாயின் மொச்சைக் கொட்டை அளவு போதும்.
4. முகத்திலோ கிண்ணத்திலோ வட்டமாகச் சுழற்றி நுரையாக்க வேண்டும். இடையிடையே சில துளி நீர் சேர்க்க வேண்டும்.
5. நுரை கெட்டித் தயிர்போல் பளபளப்புடன் இருக்க வேண்டும். பெரிய குமிழிகள் தோன்றினால் நீர் மிகுதி. காய்ந்து பொருக்காக நின்றால் நீர் குறைவு.
6. இறுதியில் சுவருக்கு வண்ணம் பூசுவதுபோல் நீவிச் சமப்படுத்த வேண்டும்.

இழையின் அடி வரை மடியுமாறு தூரிகையை அழுத்தக் கூடாது. நுரையைச் செய்வது இழையின் மேற்பாதியே. அடியில் திரும்பத் திரும்ப மடிந்தால் மயிர் அங்கேயே ஒடியும்.

பராமரிப்பு

* பயன்படுத்தியபின் சோப்பு முழுதும் போகும்வரை அலசி, பிழிந்து, உதறி, காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். மூடிய பெட்டியில் ஈரத்துடன் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.
* கொதிநீரில் இடக் கூடாது. மயிரின் புரதம் கெடும், பசையும் இளகும்.
* புதிய தூரிகையைத் தலைகழுவும் ஷாம்பு இட்டு இரண்டு மூன்று முறை கழுவினால் நாற்றமும் தளர்ந்த மயிரும் நீங்கும்.
* கடின நீரால் வெண்கசடு படிந்தால், ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து சில நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். அமிலம் கால்சியக் கசடைப் பிரிக்கும்.

ஒருவருக்கு ஒரு தூரிகை

தூரிகையைப் பகிர்ந்து பயன்படுத்தக் கூடாது. சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏற்படுகின்றன. தாடியில் வரும் படர்தாமரை, மயிர்க்கால் அழற்சி, சீழ்க்கொப்புளம் முதலிய தோல் நோய்கள் தூரிகை வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்ற வாய்ப்புண்டு. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே விரைவில் செயலிழப்பதால் தூரிகை அதன் பரவலுக்குரிய வழியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி தீநுண்மம் உலர்ந்த குருதியிலும் குறைந்தது ஏழு நாள் வீரியத்துடன் இருக்கும். கீறலைத் தொட்ட தூரிகை வெறும் அலசலால் தூய்மையாகிவிடாது. அடர்ந்த குச்சத்தின் அடிவரை கிருமிநாசினி செல்வதும் எளிதன்று.

முடிதிருத்தகத்தில் பிளேடை மாற்றச் சொல்லும் அதே உரிமையுடன் பொதுத் தூரிகை வேண்டாம் என்றும் சொல்லலாம். நாவிதர் கையால் கிரீம் பூசுவதும், வாடிக்கையாளர் தம் தூரிகையைக் கொண்டு செல்வதும் எளிய மாற்றுகள். பொதுத் தூரிகையைத் தவிர்ப்பது நாள்தோறும் பலரின் முகத்தைத் தொட்டுப் பணிபுரியும் நாவிதருக்கும் பாதுகாப்பாகும். வீட்டிலும் தந்தையும் மகனும் ஒரே தூரிகையைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. மலிவான நல்ல தூரிகை கிடைப்பதன் பெரும்பயன், ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று வைத்துக்கொள்ள முடிவதே.

விலங்குப் பாதுகாப்பு

இந்தியாவில் தூரிகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்திலுள்ள சேர்கோட் ஒன்று. ஓவியத் தூரிகைக்காகக் கீரிகள் பெருமளவில் கொல்லப்படுவது நெடுங்காலமாக இருந்துவரும் சிக்கல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் மயிரை விற்பது குற்றம். 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் கீரி மயிர்த் தூரிகைக்கு எதிராக நாடளாவிய சோதனை நடத்தியது. சவரத் தூரிகையில் கீரி மயிர் வழக்கமில்லை. எனினும் எந்த விலங்கின் மயிர் என்று கூறாமல் அசல் மயிர் என்று மட்டும் விற்கப்படும் எத்தூரிகையையும் வாங்காதிருப்பதற்கு இது போதிய காரணமாகும்.

இவற்றையும் பார்க்க

* சவரம்
* சோப்பு
* கடின நீர்
* கெரட்டின்
* அடைப்பான் நோய்
* ஆரணிப் பட்டு
* தேவிகாபுரம்